வலி நின்றதும் யூரிக் ஆசிட் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் "ராத்திரி கால் பெருவிரல் தீயாய் எரிஞ்சது, போர்வை பட்டாலே உயிர் போச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, ஊசி ஊசியாய்ப் படிகமாகி மூட்டில் தங்குவதால் வருவது கவுட். வலி மாத்திரை போட்டால் சில நாளில் அடங்கிவிடும். அடங்கியது வலிதான், படிகம் அங்கேயே இருக்கிறது.

யூரிக் ஆசிட்டைக் குறைக்க டாக்டர் அலோபுரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ எழுதுவார். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி மறுபடி வரலாம். பழைய படிகம் கரையும்போது மூட்டு சீண்டப்படுவதுதான் காரணம். என் அப்பா இதை நம்பவேயில்லை. "மாத்திரையாலதான் வலி" என்று மூன்று முறை விட்டார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இந்த வலியைத் தடுக்கத்தான் அலோபுரினாலை 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள். கூடவே 3 முதல் 6 மாதம் வரை கோல்ச்சிசின் தருகிறார்கள். நடுவில் வலி வந்தால் அதற்குத் தனி மருந்து கேளுங்கள், தினசரி மாத்திரையை விடாதீர்கள். ஒரே விதிவிலக்கு: உடம்பில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் யூரிக் ஆசிட் டெஸ்ட். லேப் தாளில் 7 வரை சரி என்று போட்டிருக்கும். கவுட் உள்ளவருக்கு 6-க்குக் கீழே இருக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் அளவு இயல்பாகவே காட்டலாம். அதை நம்பி நோயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

நெத்திலி, சாளை, கருவாட்டைக் குறைப்பது நல்லது. ஆனால் மீனை மட்டும் விட்டு மாத்திரையையும் விட்டவர்களுக்கு வலி திரும்பத்தான் செய்கிறது. பத்தியத்தால் யூரிக் ஆசிட் குறைவது கொஞ்சம்தான். மீனைவிட பீரும் கள்ளும் சர்க்கரை போட்ட கூல்டிரிங்க்ஸும்தான் எனக்குப் பயம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் போடுவது கிட்னியைக் கெடுக்கும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், சிலவகை யூரிக் ஆசிட்டைக் கூட்டும். வெயிலில் வியர்த்து உடம்பு வறண்டாலும் வலி வரும். கடலுக்குப் போகும்போது தண்ணீர்க் கேனோடு தினசரி மாத்திரைப் பட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.