சுவையா, பழக்கமா: முன்பு வாங்கியது அடுத்த பிராண்டைத் தீர்மானிக்கிறதா என்று கணக்கிடும் முறை

ஒரு குடும்பம் ஒரே காபித் தூளைத் தொடர்ந்து பத்து முறை வாங்கியிருந்தால், அதன் சுவை பிடித்திருக்கலாம். அல்லது சென்ற முறை எடுத்தது என்பதாலேயே கை மறுபடியும் அதற்கே போயிருக்கலாம். இன்று கொடுக்கும் தள்ளுபடியின் பலன் இன்றோடு முடியுமா, அடுத்த மாதமும் நீளுமா என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்ததே.

முதலில் ஒவ்வொரு குடும்பமும் வாங்கியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். அன்று அலமாரியில் இருந்தும் அவர்கள் எடுக்காமல் விட்ட பிராண்டுகளின் விலையும் வேண்டும். அது பில்லில் இருக்காது என்பதால், கடையின் வாராந்திர விலைப் பதிவிலிருந்து சேர்க்க வேண்டும்.

அடுத்தது லாஜிட் மாதிரி, அதாவது விலை போன்ற காரணிகளைக் கொண்டு ஒவ்வொரு பிராண்டும் தேர்வாகும் நிகழ்தகவைக் கணக்கிடும் சமன்பாடு. கான்சாஸ் சிட்டியின் காபி விற்பனை ஸ்கேனர் தரவை வைத்து ஆய்வாளர்கள் குவாடாக்னியும் லிட்டிலும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, பழைய கொள்முதல்களை ஒவ்வொரு பிராண்டுக்கும் ‘விசுவாசம்’ என்ற ஓர் எண்ணாகச் சுருக்கியது. பழைய எண்ணை 0.875ஆல் பெருக்கி, இம்முறை அந்தப் பிராண்டை வாங்கியிருந்தால் 0.125 கூட்டுவார்கள், 0.40 என்றிருந்தது வாங்கினால் 0.475 ஆகும், வாங்காவிட்டால் 0.35 ஆக இறங்கும். தொடக்க மதிப்பு நம் ஊகமே என்பதால், முதல் சில மாதத் தரவை இந்த எண் நிலைபெறுவதற்கு மட்டும் பயன்படுத்தி, மதிப்பீட்டில் சேர்க்காமல் விடுங்கள்.

இந்த எண் நன்றாகக் கணிக்கும். ஆனால் காரணத்தைச் சொல்லாது. சுவை பிடித்த குடும்பத்துக்கும் இது உயரும், பழக்கத்தில் வாங்கும் குடும்பத்துக்கும் உயரும். பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் எச்சரித்த போலி நிலைச் சார்பு, அதாவது நிலையான விருப்பம் பழக்கம் போலத் தோற்றமளிப்பது, இதுதான். ஆகவே பழக்கத்தை அளக்க வேண்டுமானால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி பிராண்டு விருப்பத்தைப் படிநிலை பேய்சியன் முறையில் (எல்லாக் குடும்பங்களின் தரவையும் துணைக்கு வைத்து ஒவ்வொன்றின் விருப்பத்தையும் மதிப்பிடும் முறை) அனுமதித்து, அதன் பிறகு ‘சென்ற முறை வாங்கியது’ என்ற 0, 1 மாறியை (வாங்கியிருந்தால் 1, இல்லையேல் 0) சேருங்கள்.

பிறகு ஒரு சோதனையை அவசியம் செய்யுங்கள். நான் மிகவும் நம்புவது இதைத்தான். ஒவ்வொரு குடும்பத்தின் கொள்முதல்களையும், அந்தந்த நாளின் விலைகளோடு சேர்த்தே, சீட்டுக்கட்டைப் போல வரிசை குலைத்து, அந்த 0, 1 மாறியைப் புதிய வரிசைப்படி மறுபடி கணக்கிட்டு, மாதிரியை மீண்டும் ஓட்டுங்கள். அ அ அ ஆ ஆ ஆ என்பது அ ஆ ஆ அ ஆ அ என்று மாறினாலும் விருப்பம் மாறாது, பழக்கத்தின் தடம் மட்டும் அழியும். குலைத்த பிறகும் அந்த மாறியின் கெழு, அதாவது தேர்வில் அதற்கு மாதிரி தரும் எடை, அப்படியே நின்றால், நீங்கள் அளந்தது பழக்கம் அன்று. குடும்பங்களின் விருப்ப வேறுபாட்டை இன்னும் நெகிழ்வாக அமைக்க வேண்டும்.

குலைத்ததும் கெழு பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால், அசல் வரிசையில் கிடைத்த கெழுவை விலைக் கெழுவின் அளவால் வகுத்துப் பாருங்கள். சென்ற முறை வாங்கிய ஒரே காரணத்துக்காக ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு கூடுதல் விலையைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது பணமாகவே தெரிந்துவிடும்.