கோழி ஆலைத் தண்ணீர் தெளிந்தது இப்படித்தான்: என் அனுபவம்

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கோழி அறுக்கும் ஆலையில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருடம் மிதப்புத் தொட்டியில் (காற்றைக் கரைத்த தண்ணீரிலிருந்து வரும் குமிழிகள் கொழுப்பை மேலே தூக்கும் தொட்டி) கொழுப்பு மேலே ஏறவே இல்லை, வெளியேறும் தண்ணீர் இளஞ்சிவப்பு. மலேசியாவின் 2009 விதிமுறைப்படி தளர்வான ‘பி’ தரத்துக்கே பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, நாங்கள் எங்கேயோ இருந்தோம்.

அழுக்கைத் திரள வைக்கப் போடும் படிகாரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். தப்பு. அது கூடக் கூட பிஎச் (அமில, கார அளவு) இறங்கும், அதாவது தண்ணீர் புளிக்கும், ரொம்ப இறங்கினால் அழுக்கு திரளாது. அப்புறம் ஆறு குவளைகளில் வேறு வேறு அளவில் கலக்கிப் பார்த்தேன். பிஎச் 6.5 வைத்த குவளையில் மட்டும் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகப் பிரிந்து, நடுவில் தண்ணீர் தெளிந்து நின்றது. பிஎச்சை அந்த அளவுக்கு ஏற்ற அன்றே சுண்ணாம்புப் பால் விட ஆரம்பித்தோம்.

ஆனால் மூலக் கோளாறு அறுக்கும் இடத்தில் இருந்தது. “தம்பி, ராத்திரி கழுவும்போது வந்து பாருங்க” என்று அங்கே வேலை செய்யும் அக்கா சொன்னார். போய்ப் பார்த்தால், இரத்தம் வடியும் தொட்டியின் அடைப்பான் தேய்ந்து, அத்தனையும் லோங்காங்கில், அதாவது கழிவுநீர்க் கால்வாயில், ஓடுகிறது! அடைப்பானை மாற்றி, இரத்தத்தைத் தனியாகப் பிடித்தோம். இறகு பிடுங்குவதற்கு முன் கோழியை முக்கும் வெந்நீரையும் நேராக விடாமல் சமன் தொட்டியில் (கழிவுநீரைச் சேர்த்து ஒரே சீராக்கும் தொட்டி) ஆறவிட்டோம், ஏனென்றால் சூட்டில் கொழுப்பு உருகித் தண்ணீரோடு கலந்துவிடும், காற்றும் சரியாகக் கரையாது, அப்புறம் குமிழி எப்படி வரும்?

மூன்றாவது வாரம் சிவப்பு நிறம் போய்விட்டது. கீழே ஆற்றில் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள், அதனால் இன்றும் காலையில் முதல் வேலையாக அந்த அடைப்பானைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன்.