பாட்டு சேனலில் பதிந்த பழைய வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டுகளுக்காக இந்த வேலையில் இறங்க வேண்டாம். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை இதைவிடத் தெளிவான படத்தோடு இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கேசட்டில் மட்டுமே மிஞ்சியிருப்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ளவைதான். விஜே (பாட்டுகளுக்கு நடுவே பேசும் தொகுப்பாளர்) பேசிய அரை நிமிடம், சேனலின் லோகோ உருமாறி ஆடும் பத்து விநாடி, அந்த வார விளம்பரம், இடது கீழ் மூலையில் வந்து போகும் பாடகர் பெயர், ஆல்பம், கம்பெனிப் பெயர். அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியபோது நினா பிளாக்வுட், மார்க் குட்மேன், ஆலன் ஹன்டர், ஜே.ஜே. ஜாக்சன், மார்த்தா குவின் என்ற ஐந்து விஜேக்கள்தான் அந்தச் சேனலின் முகம். நம் பக்கம் 1991-இல் ஸ்டார் டிவி வழியாக எம்டிவி ஆசியா கேபிளுக்கு வந்தபோதும் அப்படித்தான். பாட்டை நிறுத்திவிட்டு ஒருவர் நம்மோடு பேசுகிறார் என்பதே புதிதாக இருந்தது. அதைக் காப்பாற்றும்படி மாற்றுவதற்கான வழிமுறை இது.

படி 1: கேசட்டைப் பாருங்கள், உடனே ஓட்டாதீர்கள்

கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவில் கிடந்த கேசட்டுகளுக்கு இது சகஜம். அதை டெக்கில் (கேசட்டை ஓட்டும் விசிஆர்) போட்டால் ஹெட் (டேப்பைப் படிக்கும் முனை) கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சணம் தொற்றும். தனியாக ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். சுத்தம் செய்வது தனி வேலை, முதல் கேசட்டில் பழக வேண்டியதல்ல.

சுத்தமாக இருந்தால், பின்விளிம்பில் உள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. பிறகு கடைசிவரை ஃபார்வர்டு, திரும்ப முழு ரீவைண்ட். பல வருடம் அசையாமல் கிடந்த டேப் அடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த ஒரு சுற்று அதைத் தளர்த்தும்.

படி 2: டெக்

பதிந்த அதே டெக் இன்னும் ஓடுகிறது என்றால் அதையே முதலில் பயன்படுத்துங்கள். ஒரு டெக்கின் ஹெட் எந்தக் கோணத்தில் எழுதியதோ அதே கோணத்தில் படிப்பது அதற்குத்தான் எளிது. அது இல்லையென்றால் ஹை-ஃபை ஸ்டீரியோ உள்ள நான்கு ஹெட் டெக் தேடுங்கள். நீண்ட நேரம் பதிய எல்பி வேகத்தில் ஓட்டிய கேசட்டுகளுக்கு இரண்டு ஹெட் டெக் போதாது.

ஹெட்டைச் சுத்தம் செய்ய 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு துண்டு வெள்ளைத் தாள். நனைத்த தாளை டிரம்மின் (ஹெட் பொருத்திய, சுழலும் உருளை) மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மை மெல்லச் சுற்றுங்கள். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் முனை உடையும், அதற்கு மாற்றுப் பாகம் இன்று கிடைப்பது அரிது. காதுக்குப் போடும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம். அதன் நார் ஹெட்டில் சிக்கும்.

படி 3: ஒலி

டெக்கின் பின்புறமோ ரிமோட்டிலோ ஹை-ஃபை, நார்மல், மிக்ஸ் என்று மூன்று நிலை இருக்கும். பல டெக்குகள் மிக்ஸில் நிற்கும். அதில் டேப் ஓரத்து மோனோ ஒலியும் ஹை-ஃபை ஒலியும் சேர்ந்து கிணற்றுக்குள் பாடுவது போலக் கேட்கும். ஹை-ஃபையில் பதிந்த கேசட் என்றால் ஹை-ஃபை மட்டும் வையுங்கள். 1984-க்கு முன் அமெரிக்காவில் பதிந்த கேசட் என்றால் அதில் ஹை-ஃபை தடமே இருக்காது. நார்மலில் வையுங்கள்.

டிராக்கிங்கை (ஹெட் டேப்பின் தடத்தில் சரியாக ஓடும்படி வைப்பது) கண்ணால் அல்ல, காதால் சரிசெய்யுங்கள். படம் நன்றாகத் தெரியும் இடமும் ஹை-ஃபை ஒலி கரகரப்பில்லாமல் வரும் இடமும் கொஞ்சம் விலகியிருக்கும். இது பாட்டுக் கேசட், ஆகவே ஒலிக்கு முதலிடம். ஒலி சுத்தமாகும் இடத்தில் டிராக்கிங்கை மேனுவலாக நிறுத்திவிட்டு, ஆட்டோவை அணையுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 4: இணைப்புகளில் உடையும் படம் (பொறுமையாகப் படியுங்கள்)

சினிமா கேசட்டை மாற்றுவதற்கும் பாட்டு சேனல் கேசட்டை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு முழுக்க இங்கேதான். சினிமாவை ஒரே மூச்சில் பதிந்திருப்பார்கள். பாட்டு சேனலையோ, ரிமோட்டில் பாஸ் பட்டனை அழுத்திக்கொண்டு, பிடித்த பாட்டு வந்ததும் விட்டு, விளம்பரம் வந்ததும் மறுபடி அழுத்திப் பதிந்தார்கள். ஒரு மூன்று மணி நேரக் கேசட்டில் நாற்பது, ஐம்பது இணைப்புகள் இருக்கலாம். ஒவ்வொரு இணைப்பிலும் படத்தின் ஒத்திசைவுத் துடிப்பு ஒரு கணம் தடுமாறும். பழைய டிவி அதைப் பொறுத்துக்கொண்டு ஒரு குலுக்கலோடு ஓடிவிடும். கணினிக்கான கேப்சர் கருவி (சிக்னலைக் கணினிக் கோப்பாக்குவது) பொறுக்காது. ஐந்தாறு ஃபிரேமை விழுங்கும், ஒலியோ நிற்காமல் ஓடும். கேசட் முடியும்போது உதடும் குரலும் பல விநாடி விலகியிருக்கும். ஆட்டோ டிராக்கிங்கும் ஒவ்வொரு இணைப்பிலும் புதிதாகத் தேட ஆரம்பிக்கும், அதனால்தான் அதை அணைக்கச் சொன்னேன்.

மென்பொருளால் இதைச் சரிசெய்ய முயன்று நாட்களைத் தொலைக்காதீர்கள். சிக்னல் கணினிக்குப் போகும் முன்பே சீராக வேண்டும். முறையான டைம் பேஸ் கரெக்டர் (இந்தத் துடிப்பைச் சீராக்கும் கருவி) விலை அதிகம். அதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 என்ற பழைய டிவிடி ரெக்கார்டர். அதில் எதையும் பதிய வேண்டாம். டெக்கிலிருந்து மஞ்சள் வயரை அதன் உள்ளீட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டில் எஸ்-வீடியோ எடுத்துக் கணினிக்குக் கொடுங்கள். உள்ளே போன சிக்னலை அது முழுக்க வாங்கி, புதிய சீரான துடிப்போடு வெளியே அனுப்பும். ஒலியை மட்டும் டெக்கிலிருந்து நேராகக் கேப்சர் கருவிக்கு எடுக்கலாம். ரெக்கார்டரால் படம் மிகச் சிறிதே தாமதமாகும், அதைக் கடைசியில் ஒரே எண்ணால் நகர்த்திவிடலாம்.

இணைப்புக்குப் பின் சில விநாடிகள் வானவில் நிறக் கோடுகள் ஓடினால் உங்கள் கருவியில் பழுது இல்லை. பதிந்த டெக்கில் பறக்கும் அழிப்பு ஹெட் (சுழலும் டிரம்மிலேயே இருந்து பழைய பதிவை அழிப்பது) இல்லாததால் கீழே இருந்த பழைய பதிவு முழுதாக அழியவில்லை. அது டேப்பிலேயே இருப்பது, விட்டுவிடுங்கள்.

படி 5: கேப்சர்

ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டிகளை வாங்காதீர்கள். 4:3 படத்தை அகலமாக இழுத்து, இன்டர்லேஸை (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிக் காட்டும் முறை) மோசமாகக் கலைத்துத்தான் வெளியே தரும், பிறகு மீட்க முடியாது. ஈஸிகேப் என்ற பெயரில் வரும் மலிவு யுஎஸ்பி குச்சிகளில் பல, ஒலியை மோனோவாகவே எடுக்கின்றன. ஹாப்பாக் யுஎஸ்பி-லைவ்2 அல்லது ஐஓ டேட்டா ஜிவி-யுஎஸ்பி2 போதும்.

மென்பொருள் விர்ச்சுவல்டப். ஓபிஎஸ் நேரலைக்கு நல்லது, இதற்கு அல்ல. அமைப்புகள்: இந்தியாவில் பதிந்தது என்றால் பிஏஎல் (இங்குள்ள டிவி முறை), 720×576, விநாடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவில் பதிந்தது என்றால் என்டிஎஸ்சி (அங்குள்ள டிவி முறை), 720×480, 29.97. நிற வடிவம் ஒய்யுஒய்2. கோடெக் (படத்தை அமுக்கும் முறை) ஹஃப்ஒய்யுவி. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. டைமிங் மெனுவில் ஒலி-பட ஒத்திசைவைத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள்.

ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) திறந்து, படத்தின் வெளிச்சம் இரு முனைச் சிவப்புப் பகுதிகளிலும் முட்டாதபடி பிரைட்னஸ், கான்ட்ராஸ்டைச் சரிசெய்யுங்கள். இதைப் பாட்டில் அல்ல, லோகோ வரும் இடத்தில் சரிபாருங்கள். வெள்ளை லோகோவும் விஜேயின் ஸ்டுடியோ விளக்கும்தான் முதலில் வெளுத்துப்போகும்.

இடம்: அமுக்காமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிபி. ஹஃப்ஒய்யுவியில் ஏறக்குறைய 30 முதல் 40 ஜிபி. ஒரு இ-180 (மூன்று மணி நேர) கேசட்டுக்கு 120 ஜிபி காலி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது.

முதல் பத்து நிமிடம் வலப்பக்கப் பட்டியலில் விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். சுழியத்தில் நின்றால் சரி. ஒவ்வொரு இணைப்பிலும் ஏறினால் படி 4-க்குத் திரும்புங்கள்.

படி 6: இன்டர்லேஸைக் கலைப்பது

பல பாட்டுகள் ஃபிலிமில் எடுத்தவை. விஜே பேசும் பகுதி வீடியோ கேமராவில் எடுத்தது, விநாடிக்கு 50 ஃபீல்டு, அதாவது பாதி ஃபிரேம் (அமெரிக்காவில் ஏறக்குறைய 60). பாட்டு சினிமா போலவும் விஜே எதிரிலேயே நிற்பது போலவும் தோன்றியதற்கு இதுதான் காரணம். எல்லாவற்றையும் 25 ஃபிரேமாக்கினால் விஜேயும் சினிமா போல ஆகிவிடுவார், அந்தச் சேனலின் தோற்றமே போய்விடும். ஆகவே ஹைபிரிட் மென்பொருளில் கியூடிஜிஎம்சி வடிகட்டியைப் போட்டு, பிஏஎல்லை 50 ஃபிரேமாகவும் என்டிஎஸ்சியை 59.94 ஆகவும் எடுங்கள்.

ஃபீல்டு வரிசையைச் சோதியுங்கள். யுஎஸ்பி கேப்சரில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். தவறாக இருந்தால், கையசைக்கும் விஜேயின் கை முன்னும் பின்னுமாக நடுங்கும்.

பிறகு எச்.264, தர எண் 18, 4:3 விகிதம். அடியில் நெளியும் எட்டுப் பத்து வரிகள் டெக்கின் ஹெட் மாறும் இடம், அவற்றின் மேல் கறுப்புப் பட்டை போடுங்கள். வெட்ட வேண்டாம். நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம், மூலையில் வரும் சிறிய எழுத்துகளைத்தான் அது முதலில் கரைக்கும்.

படி 7: தேதி கண்டுபிடித்து எழுதி வைப்பது

கோப்பைப் பாட்டுப் பாட்டாக நறுக்காதீர்கள். முழுதாக வைத்து, பக்கத்தில் ஒரு உரைக்கோப்பில் நேரமும் என்ன வருகிறது என்பதும் எழுதுங்கள்.

லேபிளில் தேதி இல்லாவிட்டாலும் திரையே சொல்லும். ஸ்டார் வழி எம்டிவி லோகோ என்றால் 1991 முதல் 1994-க்குள். 1994 மே மாதம் எம்டிவி விலகி, அந்த இடத்துக்குச் சேனல் வி வந்தது. எம்டிவி இந்தியா என்றால் 1996 அல்லது அதற்குப் பின். அமெரிக்கக் கேசட்டில் மூலை எழுத்துகளில் இயக்குநர் பெயரும் இருந்தால் 1992 இறுதிக்குப் பிந்தையது. சுற்றுப்பயண விளம்பரத்தில் கச்சேரித் தேதி வந்தால் வாரம்வரை நெருங்கலாம். இதனாலும் விளம்பரங்களை வெட்டக்கூடாது.

பின்சேர்க்கை

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த என்டிஎஸ்சி கேசட்டை இங்குள்ள டெக்கில் போட்டால் டிவியில் நிறத்தோடு தெரிகிறது, கணினியில் கறுப்பு வெள்ளையாக வருகிறது. காரணம், நம் டெக்குகள் பல அதை பிஏஎல்-60 என்ற கலப்பு வடிவில் வெளியே அனுப்புகின்றன. டிவிக்கு அது புரியும், பெரும்பாலான கேப்சர் கருவிகளுக்குப் புரியாது. டெக்கில் ‘என்டிஎஸ்சி 3.58’ என்ற வெளியீடு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ‘பிஏஎல் டிவியில் என்டிஎஸ்சி’ என்ற ஒரே வழிதான் உண்டு என்றால் அந்த டெக் இந்தக் கேசட்டுக்கு ஆகாது. அமெரிக்க டெக் ஒன்றை 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோடு ஓட்டுங்கள். டிவிடி ரெக்கார்டரும் என்டிஎஸ்சி நிலையில் இருக்க வேண்டும்.

மாற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஹெட்டிலிருந்து வரும் மூல ரேடியோ அலையையே நேராகப் பதிந்து, படத்தைக் கணினியில் உருவாக்கும் ‘விஎச்எஸ்-டிகோட்’ என்ற திறந்த மென்பொருள் வந்திருக்கிறது. அதற்கு டெக்கைத் திறந்து பற்றவைக்க வேண்டும் என்பதால் இங்கே விளக்கவில்லை. நல்ல பதிவுள்ள கேசட்டை முழுக்க ரீவைண்ட் செய்து, புத்தகம் போல நிறுத்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.