412 கிளிக், 9 ஆர்டர்: ஷார்ட் லிங்க் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் சென்னிமலையில் ஒரு போர்வைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். போர்வை, பெட்ஷீட், பவானி ஜமக்காளம் என்று மொத்தத்துக்கும் சில்லறைக்கும் கொடுப்பவர். மகன் சொன்னான் என்று புது டிசைன்களை வெப்சைட்டில் ஏற்றி, அந்த நீளமான முகவரியை ஷார்ட் லிங்க் ஆக்கி, ஒட்டுக்கா எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டார். வாட்ஸ்அப் குரூப்கள், பேஸ்புக் பக்கம், டெலிகிராம், வெளியூர் மொத்த வியாபாரிகளுக்கு இமெயில். மூன்றாம் நாள் போனை என் பக்கம் திருப்பினார். 412 கிளிக். வெப்சைட்டில் வந்த ஆர்டர் 9.

“ஏனுங் தம்பி, நானூறு பேரு வந்து பாத்துட்டு ஒம்பது பேருதான் வாங்கியிருக்காங்கன்னா வெலை ஜாஸ்தின்னுதானுங்க அர்த்தம்? ஜோடிக்கு அம்பது ரூவா கொறச்சுப் போடலாம்னு இருக்கறன்.”

“விலையில கை வைக்காதீங்ணா, மொதல்ல அந்த நானூறு பேரு யாருன்னு பாத்துருவோம்” என்றேன். டீ வந்தது. ஒரு மணி நேரம் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். ஷார்ட் லிங்க் போடுகிறவர்கள் செய்கிற தப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே லிங்க்கில் இருந்தன.

கிளிக் என்பதை ஆள் என்று படிப்பது

லிங்க்கைத் தொட்டதும் கடையின் பக்கம் நேராகத் திறந்துவிடுவதில்லை. முதலில் அது முகவரியைச் சுருக்கித் தந்த சேவையின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர் நேரம், நெட் இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி, எந்த பிரவுசர், எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, “நீங்கள் போக வேண்டிய இடம் இது” என்று திருப்பி விடுகிறது. கணக்கில் ஒன்று ஏறுவது அந்த இடத்தில்தான். அப்புறம் பக்கம் திறந்ததா, டவர் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே நின்றதா, ஆள் சலித்துப்போய் மூடிவிட்டாரா என்பது சுருக்கித் தந்தவருக்குத் தெரியாது. பண்ணாரி செக்போஸ்ட்டில் வண்டி நம்பர் எழுதுகிறவருக்கு அந்த வண்டி மைசூர் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத மாதிரி. நடுவில் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

இவருடைய பக்கத்துக்கும் வளைவுகள் இருந்தன. கேமராவில் எடுத்த போட்டோக்களைச் சின்னதாக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. நான் என் போனில் திறந்தபோது முதல் போர்வை தெரிவதற்குள் டீயில் பாதி குடித்துவிட்டேன்.

அதனால் ஷார்ட் லிங்க்கில் தெரிகிற எண்ணும், வெப்சைட் பக்கத்தில் வைத்திருக்கும், வருகிறவர்களை எண்ணும் கருவியான கூகுள் அனலிடிக்ஸ் சொல்கிற எண்ணும் ஒருபோதும் ஒத்துப்போகாது. அனலிடிக்ஸ் எண்ணத் தொடங்குவது பக்கம் திறந்து அதிலுள்ள நிரல் ஓடிய பிறகு. ஒரே ஆள் அரை மணி நேர இடைவெளிக்குள் திரும்பி வந்தால் அதைப் பொதுவாக ஒரே வருகையாகவே சேர்த்துக்கொள்ளும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் அதன் கண்ணில் படாமலே போகலாம். இரண்டு எண்ணும் ஒத்துவரவில்லை என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணுகிற இடம் வேறு, அதனால் எண்ணும் வேறு.

அமெரிக்காவில் யாருங்க போர்வை கேட்கிறது?

நாடு வாரியான பட்டியலைத் திறந்ததும் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் இடத்தில் அமெரிக்கா. ஊர், வர்ஜீனியாவில் உள்ள ஆஷ்பர்ன். “எக்ஸ்போர்ட்டுக்கு ஆளு சிக்கிருச்சுங்களா?” என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கே மனசு வரவில்லை.

ஆஷ்பர்ன், சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டர்கள் நெருக்கமாக நிற்கிற ஊர். பேஸ்புக்கிலோ டெலிகிராமிலோ லிங்க்கை ஒட்டியதும் கீழே ஒரு படமும் தலைப்பும் வருகிறதல்லவா? அதை எடுத்துவர அந்த நிறுவனங்களின் சர்வர்களே லிங்க்கைத் திறந்து பார்க்கின்றன. வாட்ஸ்அப்பில் அந்த முன்னோட்டத்தை அனுப்புகிறவரின் போனே தயாரிக்கிறது. ஆக, குரூப்பில் ஒருவர்கூடத் தொடுவதற்கு முன்பே நம் போனாலேயே ஒரு கிளிக் விழலாம். இமெயிலில் இது இன்னும் மோசம். கம்பெனி மெயில்களுக்குக் காவல் நிற்கிற பாதுகாப்பு மென்பொருள், உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, கடிதத்தில் உள்ள எல்லா லிங்க்கையும் ஆளுக்கு முன்னால் தானே திறந்து பார்க்கும். மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பிய மெயிலில்தான் இவருக்கு இத்தனை அமெரிக்கர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள்.

இப்படி ஆள் இல்லாமல் தானாக லிங்க் திறக்கும் நிரல்களைத்தான் ரோபோ என்கிறோம். நல்ல சேவைகள் தெரிந்த ரோபோக்களைக் கழித்துவிட்டுக் காட்டுகின்றன. தெரியாதவை நழுவிவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி மணி வாரியான வரைபடம். லிங்க் போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் குப்பென்று ஏறி உடனே இறங்கிவிட்டால் அதில் பெரும்பகுதி மனிதர்கள் இல்லை. மனிதர்கள் மெதுவாக வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், தறி நிறுத்திய பின் கொஞ்சம், படுக்கப் போகும்போது கொஞ்சம்.

சொந்த வீட்டு ரோபோக்களும் உண்டு. மகன், மருமகள், கடையில் வேலை செய்யும் நாலு பேர் எல்லோரும் “வருதான்னு பாக்கலாம்” என்று பலமுறை தட்டியிருந்தார்கள். கடைக்காரரே கணக்கில் ஏறுகிறதா என்று சோதிக்கப் பத்துப் பதினைந்து தடவை. இதற்காகத்தான் மொத்த கிளிக், தனித்த கிளிக் என்று இரண்டு எண் தருகிறார்கள். இவருக்குத் தனித்தது 231. அதையும் ஆட்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரவுசரில் வைக்கும் குக்கீ என்ற சின்ன அடையாளக் குறிப்பைக் கொண்டு எண்ணினால், போனில் பார்த்துவிட்டு லேப்டாப்பில் மறுபடி திறந்தவர் இரண்டு பேர். ஐபியையும் போன் மாடலையும் வைத்து எண்ணினால், ஒரே வைஃபையில் ஒரே மாதிரி போன் வைத்திருக்கும் அண்ணன் தம்பி ஒருவர்.

குறைவாகக் காட்டுவதும் நடக்கும். திருப்பி விடுவதில் 301, 302 என்று இரண்டு வகை. 301 என்றால் “வீடு மாறிவிட்டோம், இனி அங்கேயே போய்விடுங்கள்” என்று பிரவுசரிடம் சொல்வது. பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை சர்வரைத் தட்டாமலே நேராகப் போய்விடலாம். 302 என்றால் “இப்போதைக்கு அங்கே போங்கள்” என்பது, ஒவ்வொரு முறையும் சர்வருக்கு வந்துதான் போகும். சொந்தமாக ஷார்ட் லிங்க் ஏற்பாடு செய்கிறவர்கள் இதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஒரே லிங்க்கை ஊரெல்லாம் விடுவது

எனக்குக் கேட்டால் இதுதான் பெரிய தப்பு. மற்றதையெல்லாம் பின்னால் உட்கார்ந்து கழித்துக் கூட்டிச் சரிசெய்யலாம், இதை முடியாது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் எல்லா விவசாயிகளின் மூட்டையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, எது யாருடைய மஞ்சள், எதற்கு விலை ஏறியது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கடைக்காரர் நாலு இடத்துக்கும் ஒரே லிங்க்கை அனுப்பியிருந்தார். பேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரமும் போட்டிருந்தார். அந்தக் காசு வேலை செய்ததா என்ற கேள்விக்கு அந்த 412-க்குள் பதிலே இல்லை. “எங்கிருந்து வந்தாங்கன்னு அதுலயே காட்டுதுங்களே” என்றார். காட்டியது. அதில் பெரும்பங்கு ‘டைரக்ட்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. டைரக்ட் என்றால் முகவரியைத் தானே டைப் செய்து வந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஷார்ட் லிங்க்கை யார் டைப் செய்கிறார்கள்? வாட்ஸ்அப், இமெயில் செயலி, எஸ்எம்எஸ், கியூஆர் கோடு போன்றவற்றிலிருந்து வருகிறவர்கள் ‘எங்கிருந்து’ என்ற தகவலைப் பெரும்பாலும் கொண்டுவருவதில்லை. எங்கே போடுவது என்று தெரியாத எல்லாரையும் போடுகிற கோணிதான் டைரக்ட்.

வழி சுலபம். இடத்துக்கு ஒரு லிங்க். நீள முகவரியின் பின்னால், வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று அனலிடிக்ஸுக்குச் சொல்லும் யுடிஎம் குறிகளைச் சேர்த்து, அப்புறம் சுருக்குங்கள். சோர்ஸ் என்பதில் எந்த இடம், மீடியம் என்பதில் எந்த வகை, கேம்பெயின் என்பதில் எந்த விற்பனை. குறி சேர்க்காமல் அதே முகவரியை மறுபடி சுருக்கினால், சில சேவைகள் பழைய ஷார்ட் லிங்க்கையே திருப்பித் தந்துவிடும். இரண்டு லிங்க் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், கையில் இருப்பது ஒன்றுதான்.

குறி எழுதும்போது ஒரே மாதிரி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிற சொல்லை ஒருநாள் பெரிய எழுத்தில் தொடங்கி, மறுநாள் எல்லாம் சின்ன எழுத்தில் போட்டால் அனலிடிக்ஸ் இரண்டையும் இரண்டு இடங்களாகவே காட்டும். எல்லாம் சின்ன எழுத்து என்று முடிவு செய்து, கடையில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, உங்கள் வெப்சைட்டுக்கு உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கில் யுடிஎம் போடாதீர்கள். பேஸ்புக்கிலிருந்து வந்தவருடைய அடையாளத்தை அது அழித்துவிடும்.

இடமும் நேரமும்

ஊர்ப் பட்டியலில் சென்னை மேலே இருக்கிறது என்று சென்னைக்கு விளம்பரம் போடக் கிளம்புகிறவர்கள் நிறைய. ஐபி முகவரியை வைத்து ஊரை ஊகிப்பதுதான் அந்தப் பட்டியல். மொபைல் நெட்டில் காங்கேயத்தில் இருப்பவரும் கோபியில் இருப்பவரும், அவர்களுடைய நெட்வொர்க் வெளியுலகத்துக்குப் போகிற வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊராகத் தெரியலாம். நாடு வரைக்கும் ஓரளவு நம்பலாம். ஊர் தெரிய வேண்டுமென்றால் பார்சல் போன பின்கோடைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

நேரத்திலும் இப்படித்தான். “ராத்திரி ஒன்றரை மணிக்கு யாருங்க தூங்காம போர்வை பாக்கறது?” என்று கேட்டார். பல சேவைகள் உலகப் பொது நேரத்தில் காட்டும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக அந்த ஒன்றரை மணி என்பது இங்கே காலை 7 மணி. அந்தக் கணக்கில் நாள் மாறுவதே நமக்குக் காலை 5:30-க்குத்தான். வெள்ளென எழுந்து ஐந்து மணிக்கே குரூப்பில் லிங்க் போடுகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரக் கிளிக் முந்தின நாளில் போய் விழும். செட்டிங்கில் இந்திய நேரத்துக்கு மாற்ற வசதி இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன வாரம் 7 கிளிக், இந்த வாரம் 11. உடனே 57 சதவீதம் வளர்ச்சி என்று ஸ்டேட்டஸ் வைப்பார்கள். மச்சான் குடும்பம் நாலு பேர் பார்த்தாலே அந்த வளர்ச்சி வந்துவிடும்.

கிளிக் வராததற்கும் காரணம் உண்டு

கிளிக் குறைந்தால் சரக்கு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதும் தப்பு. வணிக எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்புவதாக இருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் உள்ள செய்திகளை டெலிகாம் நிறுவனங்கள் தடுக்கின்றன. செய்தியே போகவில்லை என்றால் கிளிக் எங்கிருந்து வரும்? அப்புறம், ஷார்ட் லிங்க் என்றாலே மோசடி என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். பயப்படுவதும் நியாயம்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாதே. கடைப் பெயரிலேயே சொந்த டொமைன் வைத்துச் சுருக்கினால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

ஃபிளெக்ஸிலும் நோட்டீஸிலும் ஷார்ட் லிங்க்கை எழுத்தாகவே அச்சடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: பெரும்பாலான சேவைகளில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. 26 சின்னது, 26 பெரியது, 10 எண் என்று 62 குறிகளை வைத்து ஆறு இடத்தை நிரப்பினால் சுமார் 5,680 கோடி லிங்க் கிடைக்கும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சுழியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றி அடித்தவர் வேறு எங்கோ போவார், உங்கள் கணக்கில் வரமாட்டார். தினசரி காலண்டரில் கியூஆர் கோடு போடுவதாக இருந்தால் அந்தச் சேவை டிசம்பர் வரைக்கும் உயிரோடு இருக்குமா என்பதையும் பாருங்கள். கூகுளே 2009-ல் தொடங்கிய தன் சுருக்கிச் சேவையில் 2019 மார்ச்சோடு புது லிங்க் உருவாக்குவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் யாரும் தொடாமல் கிடந்த பழைய லிங்க்குகளையும் கைவிட்டது.

சரி, சென்னிமலைக் கணக்குக்கு வருவோம். 412-ல் தனித்தது 231. அதில் டேட்டா சென்டர் ஊர்களிலிருந்து வந்தவை 62. வீட்டு ஆட்கள், கடை ஆட்கள் ஒரு டஜன். மீதி 157. அனலிடிக்ஸில் பார்த்தால், பக்கம் முழுசாகத் திறந்து பார்த்தவர்கள் 118. அந்தக் கனமான போட்டோக்களில் சுமார் நாற்பது பேரை வளைவிலேயே தொலைத்திருந்தோம். இதற்குள் பில் போடுகிற அக்கா கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்து வைத்தார். வெப்சைட்டில் டிசைனைப் பார்த்துவிட்டு, அங்கே பணம் கட்டப் பயந்து, போனில் கூப்பிட்டுச் சொன்ன ஆர்டர்கள். அது 14. எந்த லிங்க்கிலும் ஏறாத கணக்கு. ஆக 118 பேரில் 23 ஆர்டர், கிட்டத்தட்ட ஐந்து பேருக்கு ஒன்று.

“அப்ப அந்த அம்பது ரூவா?”

“அத விடுங்ணா, போட்டோவ மட்டும் சின்னதாக்கச் சொல்லுங்க.”

பொங்கலுக்கு அவர் நாலு லிங்க் போட்டார். போனில் கூப்பிடுகிறவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு எழுத அக்காவின் நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. இன்றைக்கும் லிங்க் போட்ட சாயங்காலம் எனக்கு போன் வந்துவிடும்: “தம்பி, அமெரிக்காக்காரன் வந்துட்டுப் போயிட்டானுங்க.”