பளு தூக்குவோருக்கான புரத உணவு: அடுப்படியிலிருந்தே 112 கிராம்

ஜிம்மில் சேர்ந்த முதல் மாதத்திலேயே புரத மாவு டப்பாவைத் தேடி ஓடுவோர் ஒரு வகை. “வீட்டில் தினமும் சாம்பார்தானே, பருப்பில் இல்லாத புரதமா?” என்று நிம்மதியாக இருந்துவிடுவோர் இன்னொரு வகை. என் கணிப்பில் அதிகம் ஏமாறுவது இரண்டாம் வகையினர்தான். நால்வருக்கு வைக்கும் சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டாலும், அதிலுள்ள சுமார் 22 கிராம் புரதம் நான்கு தட்டுகளுக்குப் பிரிந்து ஆளுக்கு ஐந்தரை கிராம்தான் சேர்கிறது. மீதி தண்ணீரும் புளியும் காயும். ஆகவே புரதக் கணக்கைச் சமைத்த உணவின் அளவை வைத்துப் போடாமல், சமைப்பதற்கு முன் எடுக்கும் பொருளின் எடையை வைத்தே போட வேண்டும். அதற்குச் சிறிய சமையலறைத் தராசு ஒன்று போதும். டப்பா வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

எவ்வளவு தேவை என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பொதுவான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது. பளு தூக்கித் தசை வளர்க்க விரும்புவோருக்கு 1.6 கிராம் முதல் 2.2 கிராம் வரை என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 1.6 கிராம் கணக்கில் 112 கிராம் வருகிறது. தொடங்குவோர் இதையே இலக்காகக் கொள்ளலாம். உடற்பருமன் உள்ளவர்கள் இப்போதைய எடையை விட்டு, அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்கிடுவது பொருத்தம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

இனி நாளைப் பிரிப்போம். ஒரே வேளையில் கொட்டிக்கொள்வதைவிட, வேளைக்கு 20 முதல் 40 கிராம் என்று மூன்று நான்காகப் பிரித்துக்கொண்டால் வயிற்றுக்கும் தசைக்கும் நல்லது. உடற்பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று ஜிம்களில் சொல்வதைக் கேட்டு மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை. அன்றைய மொத்த அளவுதான் முதன்மையானது.

காலையில் மூன்று இட்லி என்றால் கிடைப்பது ஆறு கிராம் அளவுதான். இட்லியைக் கைவிடச் சொல்லவில்லை. அதனுடன் மூன்று அவித்த முட்டைகளைச் சேர்த்தால் மேலும் 18 கிராம் கிடைக்கும். என் விருப்பம் பச்சைப்பயறு தோசை. ஓர் ஆளுக்கு 60 கிராம் பயறை இரவே ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து, புளிக்கவிடாமல் உடனே வார்க்க வேண்டும். இதில் 14 கிராம், இரண்டு முட்டைகளில் 12 கிராம், ஆக 26 கிராம். பயற்றை முளைகட்டினால் புரதம் பெருகும் என்பது பலரின் நம்பிக்கை. முளைகட்டும்போது எடை கூடுவது நீரால். செரிமானம் சற்று எளிதாகலாம், புரதம் அதிகரிக்காது.

மதியத்துக்குக் கோழி. 120 கிராம் எலும்பில்லாத நெஞ்சுக்கறியில் 27 கிராம் புரதம் இருக்கிறது. எலும்போடு வாங்கினால் எலும்பின் எடையைக் கழித்தே கணக்கிட வேண்டும். நெஞ்சுக்கறி மரக்கட்டை போலாகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அதைக் குழம்பில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறவர்கள். விரல் கனத்துக்கு நீளவாக்கில் நறுக்கி, கெட்டித் தயிர், மிளகுத்தூள், மஞ்சள், உப்பு பிசறி அரை மணி நேரம் வைத்திருந்து, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பக்கத்துக்கு நான்கு நிமிடம் போட்டெடுங்கள். எடுத்ததும் வெட்டாமல் ஐந்து நிமிடம் மூடி வைத்தால் சாறு உள்ளேயே தங்கும். கனமான துண்டு ஒன்றைப் பிளந்து பார்த்து, நடுவில் இளஞ்சிவப்பு நிறம் இல்லை என்று உறுதி செய்த பின்பே பரிமாற வேண்டும். 100 கிராம் அரிசியின் சோற்றில் ஏழு கிராம், 150 கிராம் தயிரில் ஐந்து கிராம் சேர, மதியம் 39 கிராம் ஆகிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மத்தி மீன் இதைவிட மலிவாகக் கிடைக்கும். 100 கிராம் மீன் சதையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. சைவ உணவினர் 100 கிராம் பன்னீர் எடுத்தால் 18 கிராம். ஆனால் அதனுடன் 20 கிராம் கொழுப்பும் வரும் என்பதால் உடல் எடையைக் குறைக்க முயல்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மாலைக்கான பானத்தை வீட்டுப் பொருள்களிலேயே செய்துகொள்ளலாம். பொட்டுக்கடலை மூன்று பங்கு, தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை இரண்டு பங்கு, ஏலக்காய் இரண்டு. வேர்க்கடலையை மட்டும் தொடர்ந்து ஓட்டினால் மிக்சி சூடேறி, எண்ணெய் பிரிந்து, பொடி கையில் ஒட்டும் களியாகிவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. பொட்டுக்கடலையை முதலில் நைசாக அரைத்து, பிறகு முழுவதும் ஆறிய வேர்க்கடலையைச் சேர்த்து, விட்டுவிட்டு நான்கைந்து சுற்று மட்டும் ஓட்டினால் உதிரியாக வரும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். அதற்கு மேல் வைத்தால் காறல் வாடை வந்துவிடும். இந்தப் பொடி 50 கிராமை, காய்ச்சி ஆறவைத்த 300 மில்லி பாலில் ஒரு வாழைப்பழத்துடன் அடித்தால் 21 கிராம் புரதம் கிடைக்கும். பாலை முதலில் ஊற்றிவிட்டுப் பொடியைப் போட்டால் அடியில் கட்டிதட்டும். பொடியைக் கொஞ்சம் பாலில் குழைத்த பின்பே மீதியை ஊற்றுங்கள்.

பச்சை முட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான்கு முட்டைகளைப் பாலில் உடைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதை வீரமாகக் கருதும் வழக்கம் நம் ஜிம்களில் இன்னும் இருக்கிறது. வேகவைத்த முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உடல் எடுத்துக்கொள்கிறது. பச்சையாகக் குடித்தால் பாதி அளவுதான். போதாததற்குச் சால்மொனெல்லா கிருமியின் ஆபத்து வேறு. பாதியை வீணாக்கத்தான் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

இரவுக்கு மீல்மேக்கர். உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் கொண்ட இதைவிட மலிவான பொருள் மளிகைக் கடையில் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் அதன் பச்சை வாடையால் பலர் ஒதுக்குகிறார்கள். 40 கிராம் உருண்டைகளை உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து வடித்து, குளிர்ந்த நீரில் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நுரைத்த நீர் வெளியேறும் வரை பிழிய வேண்டும். மறுபடி புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை பிழிந்தால் வாடை போய்விடும். அதன் பிறகு வெங்காயம், தக்காளி, மிளகு, சோம்பு போட்டுச் சுக்காவாக வறுத்தால், பஞ்சு போல் பிழிந்த உருண்டை மசாலாவை இழுத்துக்கொள்ளும். இதில் 20 கிராம், மூன்று சப்பாத்தியில் எட்டு கிராம். நாள் முழுவதும் கூட்டிப் பாருங்கள்: 26, 39, 21, 28, மொத்தம் 114 கிராம்.

இத்தனையும் சமைக்க நேரமில்லாதவர்களுக்கும், கோழிக்குப் பதில் பன்னீர் எடுப்பதால் ஒன்பது கிராமும், முட்டையையும் விட்டால் மேலும் 12 கிராமும் குறைகிற சைவ உணவினருக்கும் வே புரோட்டீன் வசதியானது. பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படுவது அது. 30 கிராம் ஸ்கூப்பில் நல்ல வகையில் 24 கிராம் புரதம் இருக்கும். பன்னீர் வடித்த நீரும் அதுதானே என்று குடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த நீர் ஒரு தம்ளருக்கு இரண்டு கிராம் தருவதே அதிகம், சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் லாக்டோஸ் குறைந்த ஐசோலேட் வகையை வாங்கலாம். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். பரிசோதனையில் புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக அவற்றைக் கலக்கும் பழக்கம் உண்டு.

புரதத்தைக் கூட்டியதும் மலச்சிக்கல் வந்தால், கறியைக் குறைக்காமல் கீரையையும் தண்ணீரையும் கூட்ட வேண்டும். குடித்த ஷேக்கரை அப்படியே பையில் போட்டு மறந்துவிட்டால் மறுநாள் அதை எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது. ஜிம்மிலேயே தண்ணீர் விட்டு ஒரு குலுக்குக் குலுக்கி ஊற்றிவிட்டு, மூடியைத் திறந்தபடி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.