உள்ளே வரும் டிராஃபிக்கை இரண்டு அப்ஸ்ட்ரீமுக்கும் பிரித்துவிடுவது எப்படி

ராத்திரி ஒன்பதரை மணிக்கு கிராஃபைத் திறந்தால் ஒரு அப்ஸ்ட்ரீமுக்கான (நாம் இணையம் வாங்கும் பெரிய புரொவைடர்) 10 ஜி லிங்க், அதாவது நொடிக்கு 10 ஜிகாபிட், 9.4-ல் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே இன்னொரு 10 ஜி லிங்க் 2-ஐத் தாண்டாமல் கிடக்கும். இரண்டுக்கும் மாசாமாசம் பணம் கட்டுகிறோம். கஸ்டமரோ “வீடியோ சுத்திக்கிட்டே இருக்குண்ணா” என்று போன் போடுகிறார். கொங்குப் பக்கம் ஒரு நடுத்தர ஐஎஸ்பியில் ரூட்டர் பார்ப்பது என் வேலை. இந்தக் கோணல் கிராஃபை நேராக்க நான் என்ன வரிசையில் போவேன் என்பதை இங்கே எழுதுகிறேன். பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) செஷன் ஏற்றத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

நம்மிடமிருந்து வெளியே போவதை எந்த லிங்க்கில் தள்ளுவது என்று லோக்கல் ப்ரெஃபரன்ஸை (ஒரு ரூட்டுக்கு நாமே வைக்கும் முன்னுரிமை மதிப்பு) மாற்றி நாமே முடிவு செய்யலாம். உள்ளே வருவது அப்படி இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி அச்சடிக்கலாம், எந்த பஸ் ஏறி வருவது என்பது வருகிறவர் இஷ்டம். அனுப்புகிற ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் பாலிசிப்படி பாதையை எடுக்கும். அது முதலில் பார்ப்பது தன்னுடைய லோக்கல் ப்ரெஃபரன்ஸ். ஏஎஸ் பாத் நீளம், அதாவது வழியில் எத்தனை நெட்வொர்க் (ஒவ்வொன்றும் ஒரு ஏஎஸ், அதற்கொரு எண்) என்பது, அதற்குப் பிறகுதான் வரும். பெரும்பாலான புரொவைடர்கள் கஸ்டமர் ரூட்டுக்கு அதிக மதிப்பும், பியர் (நேரடியாக டிராஃபிக் பரிமாறிக்கொள்ளும் சக நெட்வொர்க்) ரூட்டுக்கு அதைவிடக் குறைவாகவும், தாங்கள் காசு கொடுத்து வாங்கும் டிரான்சிட்டுக்கு எல்லாவற்றையும்விடக் குறைவாகவும் வைத்திருப்பார்கள். இதை மனதில் வைத்தால் கீழே வருகிற பாதி விஷயம் தானாகப் புரியும்.

யாரிடமிருந்து வருகிறது?

கான்ஃபிக்கைத் தொடுவதற்கு முன் எஸ்ஃப்ளோ அல்லது நெட்ஃப்ளோவை (ரூட்டர் வழியே எது எங்கிருந்து வருகிறது என்று பதிவு செய்யும் வசதி) ஓடவிடுங்கள். ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்று என்ற சாம்பிளிங் இதற்குப் போதும். அதைத் தொகுத்துக் காட்ட பிஎம்அக்ட், என்எஃப்டம்ப், அக்வொராடோ எதுவானாலும் சரி, எல்லாமே இலவசம். மாலை ஏழிலிருந்து பதினொன்று வரைக்கும் மட்டும் எடுத்து, சோர்ஸ் ஏஎஸ் வாரியாக அடுக்குங்கள். வீட்டு இணைப்புகள் அதிகமுள்ள நெட்வொர்க் என்றால் மேலே நிற்கும் முகங்கள் பழகியவைதான்: கூகுளின் 15169, மெட்டாவின் 32934, நெட்ஃபிளிக்ஸின் 2906, அகமாயின் 20940, அமேசானின் 16509, கிளவுட்ஃப்ளேரின் 13335.

இந்த ஐந்தாறு பேர் அனுப்புவதை டிரான்சிட்டில் வைத்துக்கொண்டு அங்கேயே பேலன்ஸ் செய்யப் பார்ப்பது வீண் மெனக்கெடல். முதலில் அவர்களை டிரான்சிட்டிலிருந்து இறக்குங்கள். சென்னையிலேயே நிக்சி, டி-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ் என்று நெட்வொர்க்குகள் நேரடியாக இணைந்துகொள்ளும் எக்ஸ்சேஞ்சுகள் இருக்கின்றன. உங்கள் டிராஃபிக் அவர்கள் கேட்கும் அளவுக்கு இருந்தால் கேச் பெட்டியே (அவர்களுடைய வீடியோவைச் சேமித்து வைத்து அனுப்பும் சர்வர்) உங்கள் ரேக்குக்கு வரும். அந்தப் பெட்டிக்கு நாம் கொடுக்கும் ரூட்டுகளும் முக்கியம். நெட்ஃபிளிக்ஸ் முதலில் நீளமான ப்ரிஃபிக்ஸ் (ஐபி முகவரித் தொகுதி; /22 என்றால் 1024 முகவரி, அதைவிட நீளமான /24 என்றால் 256), அடுத்து குறுகிய ஏஎஸ் பாத், அதுவும் சமமானால் குறைந்த மெட் (இரண்டு லிங்க்கில் எது வேண்டும் என்று நாம் ஒட்டும் எண்) என்ற வரிசையில் பார்க்கிறது. கேச்சுக்கு /22-ஐ மட்டும் சொல்லிவிட்டு வெளியே /24 சொன்னால், பெட்டியை விட்டுவிட்டு வெளியிலிருந்தே அனுப்பும்.

அகமாய் போன்றவர்கள் எந்த சர்வரிலிருந்து அனுப்புவது என்பதை டிஎன்எஸ் வழியாக முடிவு செய்கிறார்கள். நீங்கள் பிஜிபியில் மாற்றிய அடுத்த நிமிடமே அது அசையாது. ஒரு பீக் டைம் முழுக்கப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

பேப்பர் வேலை

அடுத்து ப்ரிஃபிக்ஸைப் பிரித்து அறிவிக்கப் போகிறோம், அதற்கு முன் ரோவாவை (எந்த ஏஎஸ் எந்த ப்ரிஃபிக்ஸை அறிவிக்கலாம் என்று கையெழுத்திட்ட பதிவு) சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் பலருக்கு ஐஆர்ஐஎன்என் (இந்தியாவில் ஐபி முகவரி வழங்கும் அமைப்பு) போர்ட்டலில் /22-க்கு ஒரு ரோவா போட்டதோடு சரி. அதில் மேக்ஸ் லெங்த் (அறிவிக்க அனுமதியுள்ள மிக நீளமான ப்ரிஃபிக்ஸ்) 22 என்று இருந்தால், நீங்கள் அறிவிக்கும் /24 ஆர்பிகேஐ, அதாவது இந்த ரோவாக்களை, பார்க்கிறவர்களின் கண்ணுக்கு இன்வேலிட், அவர்கள் அதைக் குப்பையில் போடுவார்கள். உங்கள் ரூட்டரில் ‘அட்வர்டைஸ்டு’ என்று அழகாகக் காட்டும், வெளியே லுக்கிங் கிளாஸில் (வேறொரு நெட்வொர்க்கின் ரூட்டருக்கு என்ன தெரிகிறது என்று காட்டும் பக்கம்) தேடினால் இருக்காது. மேக்ஸ் லெங்த்தைப் பொத்தாம்பொதுவாக 24 என்று திறந்துவிடாமல், எந்த /24-ஐ நிஜமாகவே அறிவிக்கிறீர்களோ அதற்கு மட்டும் தனி ரோவா போடுங்கள். அப்ஸ்ட்ரீமின் ப்ரிஃபிக்ஸ் ஃபில்டரிலும் அவை ஏறியிருக்க வேண்டும், அதற்கு அவர்களின் நாக் டீமுக்கு (நெட்வொர்க்கை இயக்கும் குழு) முன்கூட்டியே மெயில் போட்டுவிடுங்கள். ஐபிவி4-ல் /24-ஐவிடச் சின்னதை வெளியே யாரும் ஏற்பதில்லை.

நேட் பூல்தான் நம் கையில் இருக்கும் குமிழ்

நான் அதிகம் நம்புவது இந்த முறையைத்தான். நேட் என்பது பல கஸ்டமரை ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் வைப்பது, பூல் என்பது அதற்கு ஒதுக்கிய ஐபிகள்.

உதாரணத்துக்கு 198.18.0.0/22 நம்முடையது என்று வைத்துக்கொள்வோம் (இது சோதனைக்கென்று ஒதுக்கிய எண், அப்படியே காப்பி அடித்துவிடாதீர்கள்). /22-ஐ இரண்டு அப்ஸ்ட்ரீமுக்கும் அறிவிக்கிறோம். கூடவே முதல் இரண்டு /24-ஐ ஒருவருக்கும், மற்ற இரண்டை இன்னொருவருக்கும் அறிவிக்கிறோம். நீளமான ப்ரிஃபிக்ஸுக்குத்தான் எப்போதும் முன்னுரிமை என்பதால், அங்கே யாருடைய லோக்கல் ப்ரெஃபரன்ஸும் எடுபடாது. ஒரு லிங்க் விழுந்தால் அதன் /24-கள் மறைந்து, /22 அவற்றைத் தாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நான்கு /24-உம் சமமாக டிராஃபிக் இழுக்காது. ஒன்றில் கம்பெனிகளுக்குக் கொடுத்த ஸ்டேட்டிக் ஐபி இருக்கும், அது ராத்திரி தூங்கிவிடும். இன்னொன்றில் டவுன் முழுக்க நேட் ஆகும், அது ஒன்பது மணிக்குப் பொங்கும். ஆகவே ப்ரிஃபிக்ஸை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றுவதைவிட, ப்ரிஃபிக்ஸுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மாற்றுவது சுலபம்.

சிஜிநேட்டில் (ஐஎஸ்பியே செய்யும் நேட்) ஒரு பப்ளிக் ஐபிக்குப் பின்னால் 64 பேர் என்றால் ஆளுக்கு 1008 போர்ட் (ஒரே ஐபியில் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு /24 16,384 பேரைத் தாங்கும். நடுத்தர ஐஎஸ்பிக்கு இது தாராளம், ஆளை நகர்த்த நிறைய இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிஎன்ஜிக்கும் (ஒரு ஏரியா கஸ்டமர்களின் இணைப்பு வந்து சேரும் ரூட்டர்) தனி பூல் வையுங்கள். ஒரு லிங்க்கில் ஒரு ஜிபிபிஎஸ் குறைய வேண்டுமா? பீக்கில் அந்த அளவு இழுக்கும் ஏரியாவின் பூலை மற்ற பக்கத்து /24-க்கு மாற்றுங்கள். எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்ல முடிகிற வேறொரு முறை எனக்குத் தெரிந்து இல்லை.

பூல் மாற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் செஷன் எல்லாம் அறுந்துவிடும், அதனால் விடிகாலை நான்கு மணிக்குச் செய்யுங்கள். நேட் லாக்கில் புது பூல் பதிவாகிறதா என்று அப்போதே பாருங்கள். லைசென்ஸ் விதிப்படி அதை வைத்திருந்தே ஆக வேண்டும்.

சுற்றிக்கொண்டு வரும் பாக்கெட்

நம் அப்ஸ்ட்ரீம்களைப் பெரியவர், சின்னவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு /24-ஐ சின்னவருக்கு மட்டும் அறிவித்தால், பெரியவரின் சொந்த நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர்கூட அந்த /24-க்கு சின்னவர் வழியாகத்தான் வரும். அவர்கள் இருவரும் மும்பையில் மட்டும் சந்திக்கிறார்கள் என்றால், சென்னையில் பெரியவரின் டேட்டா சென்டரில் இருக்கும் சர்வர் மும்பை போய்த் திரும்பி கோயம்புத்தூர் வரும். கேம் ஆடுகிற பையன் முதல் ஆளாக போன் செய்வான்.

மருந்து இதுதான்: அதே /24-ஐ பெரியவருக்கும் நோ-எக்ஸ்போர்ட் கம்யூனிட்டியுடன் (கம்யூனிட்டி என்பது ரூட்டோடு ஒட்டி அனுப்பும் குறிச்சீட்டு), அதாவது 65535:65281 ஒட்டி, அறிவியுங்கள். அவர் அதைத் தன் நெட்வொர்க்குக்குள் வைத்துக்கொள்வார், வெளியே சொல்ல மாட்டார். அவருக்குள் கிளம்பும் பாக்கெட் நேராக நம்மிடம் வரும், மற்ற உலகம் சின்னவர் வழியே வரும். இன்னொரு லாபமும் உண்டு: பெரியவர் ஸ்ட்ரிக்ட் யுஆர்பிஎஃப் (பாக்கெட்டின் சோர்ஸ் ஐபிக்குத் திரும்பும் வழி அது வந்த லிங்க்தானா என்ற சோதனை) வைத்திருந்தால், சின்னவருக்கு மட்டும் அறிவித்த /24-லிருந்து அவர் பக்கம் வெளியே போகும் பாக்கெட்டை அடித்துப் போடுவார், இப்படிச் செய்தால் அந்தச் சிக்கலும் தீரும்.

ஒரே ஒரு இடத்தில் இது பலிக்காது. சின்னவரே பெரியவரிடம் டிரான்சிட் வாங்குகிறவராக இருந்தால், பெரியவர் அந்த /24-க்கு நம் நேரடி ரூட்டைத்தான் பெஸ்ட் என்று எடுப்பார். அதில் நோ-எக்ஸ்போர்ட் இருப்பதால் யாருக்கும் சொல்ல மாட்டார், சின்னவர் சொன்ன நல்ல ரூட்டும் உள்ளேயே அமுங்கிவிடும். விளைவு, உலகத்தில் பாதிக்கு /24 தெரியாது, /22-ஐப் பிடித்துக்கொண்டு பெரியவர் வழியாகவே வந்து சேர்வார்கள். யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்பதை பிஜிபி டூல்ஸ் அல்லது ஹரிகேன் எலக்ட்ரிக்கின் பிஜிபி பக்கத்தில் பார்த்துவிட்டு இதில் இறங்குங்கள்.

கம்யூனிட்டி, கடைசியாக ப்ரீபெண்ட்

கொஞ்சம் பெரிய அப்ஸ்ட்ரீம் எல்லாரிடமும் கம்யூனிட்டி பட்டியல் ஒன்று இருக்கும். இன்ன பியருக்குச் சொல்லாதே, இன்ன பியருக்கு மட்டும் ஒரு முறை ப்ரீபெண்ட் செய் (பாதை நீளமாகத் தெரிய ஏஎஸ் எண்ணைக் கூடுதலாகச் சேர்ப்பது), என் ரூட்டின் லோக்கல் ப்ரெஃபரன்ஸைக் குறை என்றெல்லாம் கேட்கலாம். சேல்ஸ்காரரிடம் கேட்டால் “அப்படி எதுவும் இல்லைங்க” என்பார். நாக் டீமிடம் கேளுங்கள். புது ஏஎஸ் நம்பர்கள் ஆறு இலக்கம் என்பதால் பழைய கம்யூனிட்டியின் 16 பிட்டில் அடங்காது. லார்ஜ் கம்யூனிட்டி 2017-லேயே தரமாகிவிட்டது, அப்ஸ்ட்ரீம் அதை ஏற்கிறாரா என்று கேட்டு வையுங்கள். போட்டபின் அவருடைய லுக்கிங் கிளாஸில் போய்ப் பாருங்கள். ஆவணத்தில் இருப்பதெல்லாம் ரூட்டரில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ப்ரீபெண்ட்டை எல்லாரும் முதலில் எடுக்கிறார்கள், நான் கடைசியில் எடுப்பேன். காரணம், அதில் நிதானமான நடுநிலை கிடையாது. சின்னவர் பெரியவரின் கஸ்டமர் என்ற அதே கதையை எடுத்துக்கொள்வோம். பெரியவருக்கு நம் நேரடிப் பாத் நீளம் 1, சின்னவர் வழியே 2. பெரியவர் பக்கம் ஒரு முறை ப்ரீபெண்ட் போட்டால் 2-க்கு 2, சமம். இப்போது பெரியவரின் ஒவ்வொரு ரூட்டரும் தனக்கு எது கிட்டே என்று பார்த்து முடிவெடுக்கும், ஏதோ ஒரு பங்கு நகரும். இன்னொன்று போட்டால் 3-க்கு 2, அவரிடம் வரும் மொத்தமும் சின்னவர் பக்கம் சாய்ந்துவிடும். இருவரும் வெறும் பியர்களாக இருந்தாலோ, பத்து முறை போட்டாலும் பெரியவருக்குள்ளிருந்து கிளம்புவது ஒரு பாக்கெட்கூட அசையாது, லோக்கல் ப்ரெஃபரன்ஸில் நாம் கஸ்டமர்.

ஆகவே இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்குமேல் ப்ரீபெண்ட் போடும் ஆட்களுக்கு 2009 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்வேன். செக் நாட்டில் ஒரு சின்ன புரொவைடர், மைக்ரோடிக் ரூட்டரில் எத்தனை முறை என்று கேட்கும் கட்டத்தில் தன் ஏஎஸ் நம்பர் 47868-ஐயே போட்டுவிட்டது. அது 256-ஆல் வகுத்த மீதியாகச் சுருங்கி 252 முறை ப்ரீபெண்ட்டாக வெளியே போனது. அவ்வளவு நீளத்தைத் தாங்காத பழைய ரூட்டர்கள் உலகெங்கும் செஷனை அறுத்துக்கொண்டு தடுமாறின.

மெட் இரண்டு வேறு அப்ஸ்ட்ரீமுக்கு நடுவில் பயன்படாது. ஒரே அப்ஸ்ட்ரீமிடம் இரண்டு லிங்க் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விழுந்தால் தாங்குமா

இரண்டு 10 ஜியும் பீக்கில் ஆளுக்கு 7 ஓடுகிறது என்றால் கிராஃப் அழகாகத்தான் இருக்கும். ஒன்று விழுந்தால் 14 வந்து 10-ல் இடிக்கும். பேலன்ஸ் செய்தபின் “இடமிருக்கே” என்று அப்கிரேடைத் தள்ளிப்போடும் முதலாளிகளுக்கு இந்தக் கூட்டலைத்தான் காட்ட வேண்டும். பர்ஸ்ட் ஒப்பந்தம் (பயன்படுத்திய அளவுக்கு பில்) 95-ஆம் பர்சென்டைலில் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாம்பிள் வீதம் 30 நாள் மாதத்துக்கு 8640, அதில் உச்சியிலுள்ள 432-ஐக் கழித்துவிடுவார்கள். 36 மணி நேரம் லிங்க் நிரம்பி ஓடினாலும் பில் ஏறாது.

விடிகாலையில் ஒரு பக்கத்தை நாமே இறக்கிப் பார்ப்பது நல்லது. செஷனை வெடுக்கென்று வெட்டாமல், முதலில் அந்தப் பக்கத்து /24-களை மறுபக்கமும் அறிவித்துவிட்டு 65535:0 என்ற கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் கம்யூனிட்டியை ஒட்டுங்கள். அப்ஸ்ட்ரீம் அதை மதித்தால் டிராஃபிக் சத்தமில்லாமல் மறுபக்கம் போய்விடும். ஒவ்வொரு எட்ஜ் ரூட்டரிலும் (அப்ஸ்ட்ரீமோடு இணைந்திருப்பது) /22-ஐ நல் ரூட் (எங்கும் போகாத ரூட்) வைத்துத்தானே அறிவிக்கிறோம்? அந்த எட்ஜுக்கும் கோருக்கும் (நம் மைய ரூட்டர்) நடுவில் ஃபைபர் அறுந்தால் அது பாட்டுக்கு /22-ஐ அறிவித்துக்கொண்டே, வருவதையெல்லாம் விழுங்கும். இரண்டு எட்ஜுக்கும் நடுவில் நேரடி லிங்க்கும் ஐபிஜிபியும் (நம் ரூட்டர்களுக்குள்ளேயே ஓடும் பிஜிபி) கட்டாயம்.

ஐபிவி6-க்கு இதையெல்லாம் தனியாக மறுபடி செய்ய வேண்டும். அங்கே நேட் இல்லை. /32-ஐ பிஎன்ஜிக்கு ஒரு /36 என்று பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த /36-ஐயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறிவித்துச் சரிக்கட்டலாம். வெளியே /48 வரை ஏற்பார்கள் என்பதற்காக /48-களாக உடைத்து ஊரார் ரூட்டிங் டேபிளில் கொட்டாதீர்கள். ஐபிவி4 கிராஃபையும் ஐபிவி6 கிராஃபையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்காமல் தனித்தனியாக வரைந்து வையுங்கள், எதைத் திருப்பினால் எது நகர்ந்தது என்று அப்போதுதான் தெரியும்.