பீட்சாவோடு வேறென்ன வாங்கலாம்? ஆர்டர் சொல்லும்போது செய்யும் தவறுகள்

பீட்சா கடைக்குள் போனால் எந்த பீட்சா என்பதற்கு மட்டும் பெரிய விவாதம் நடக்கும். பனீரா சிக்கனா, மெல்லிய அடியா தடித்த அடியா, குடைமிளகாய் இருக்கட்டுமா வேண்டாமா என்று குடும்பமே கூடிப் பேசும். அது முடிந்ததும், "அப்புறம் ஒரு கார்லிக் பிரெட், ஒரு கோக், சின்னவனுக்கு ஒரு லாவா கேக்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவோம். பில் எகிறுவதும், கடைசி இரண்டு துண்டு பீட்சா சாப்பிட ஆளில்லாமல் ஆறிக் கிடப்பதும் பெரும்பாலும் அந்த ஒரே மூச்சால்தான்.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: பீட்சாவில் ஏற்கெனவே இருப்பதையே வேறு உருவத்தில் மறுபடி வாங்குகிறோம். பீட்சா என்றால் மைதா, சீஸ், உப்பு, கொஞ்சம் தக்காளி சாஸ். செயின் கடைகளில் கார்லிக் பிரெட் பெரும்பாலும் அதே பீட்சா மாவில்தான் செய்யப்படுகிறது. மேலே வெண்ணெயும் பூண்டும் தடவி அதே ஓவனில் விடுகிறார்கள். ஸ்டஃப்டு கார்லிக் பிரெட் என்றால் உள்ளே சீஸும் சோளமும் வைத்து மடித்த இன்னொரு பீட்சா. ஒயிட் சாஸ் பாஸ்தாவில் கோதுமை, மைதா கரைத்த பால், சீஸ். ஒவ்வொன்றும் தனியாக நன்றாகவே இருக்கும். ஆனால் பீட்சாவுக்குத் துணையாக இவற்றை வாங்குவது தோசைக்குத் தொட்டுக்கொள்ள இட்லி கேட்பதைப் போன்றது.

இது நம் ஊரில் தொடங்கிய பழக்கமும் இல்லை. டோமினோஸ் 1960-இல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் தொடங்கிய கடை. முப்பது வருடத்துக்கு மேல் சாப்பிட பீட்சா மட்டும்தான் விற்றுக்கொண்டிருந்தது. 1992-இல்தான் பிரெட்ஸ்டிக்ஸ் வந்தது, 1994-இல் சிக்கன் விங்ஸ். பீட்சா அல்லாத முதல் பண்டமாக ரொட்டியை ஏன் கொண்டுவந்தார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. மாவு கடையிலேயே இருக்கிறது, ஓவன் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் கணக்கில் அருமையான யோசனை. 1996-இல் டெல்லியில் அவர்களுடைய முதல் இந்தியக் கடை திறந்தபோது, கூடவே ஏதாவது சேர்த்து வாங்கும் இந்தப் பழக்கமும் மெல்ல இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

இத்தாலியர்களும் மாவோடு மாவுதானே சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேப்பிள்ஸில் பீட்சாவுக்கு முன்னால் பொரித்த பண்டங்கள் சாப்பிடுவது வழக்கம்: க்ரோக்கே என்ற உருளைக்கிழங்கு உருண்டை, ஃப்ரிட்டாட்டீனா என்ற பொரித்த பாஸ்தா வட்டம். ஆனால் அவர்களுடைய பீட்சா வேறு. விறகடுப்பில் 430 டிகிரிக்கு மேல் உள்ள சூட்டில் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். நடுவில் மெல்லியது, சீஸ் அங்கங்கேதான் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு உருண்டை தின்றால் ஒன்றும் ஆகாது. ஓரத்தில்கூட சீஸ் அடைத்த பீட்சாவுக்கு முன்னால் சீஸ் அடைத்த ரொட்டி தின்பது அப்படியல்ல. அப்புறம், நமக்குத் தெரிந்த கார்லிக் பிரெட் நேப்பிள்ஸ் பழக்கமே இல்லை. அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்கள் வழியாகப் பரவியது.

சரி, அப்படியானால் கார்லிக் பிரெட்டே கூடாதா? கூடும். பீட்சா எவ்வளவு கனமானது என்று முதலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சாஸும் சீஸும் மட்டும் போட்ட சாதாரண மார்கரிட்டாவோ, காய் மட்டும் போட்ட மெல்லிய அடியோ என்றால் சாதா கார்லிக் பிரெட் பொருந்தும். அடிக்குள்ளேயே சீஸ் நிரப்பிய சீஸ் பர்ஸ்ட் வகை என்றால் வேண்டவே வேண்டாம். காய்கறி பீட்சாவுக்குச் சிக்கன் விங்ஸ் நல்ல ஜோடி, ஏனென்றால் புரதமும் காரமும் கூடுகின்றன. மூன்று வகைக் கோழி போட்ட பீட்சாவுக்கு மறுபடியும் விங்ஸ் எதற்கு? பீட்சாவில் இல்லாதது எது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் புளிப்பு, பச்சைக் காய், மொறுமொறுப்பு என்று வரும். கடையில் சாலட் இருந்தால் அதை வாங்குங்கள், டிரெஸ்ஸிங்கைத் தனியாகக் கேளுங்கள். செயின் கடைகளில் பெரும்பாலும் அது கிடைக்காது. வீட்டுக்கு வரவழைப்பதாக இருந்தால் பீட்சா வரும் நேரத்துக்குள் ஒரு வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நறுக்கி எலுமிச்சை பிழிந்து வைத்துவிடலாம். நூற்றைம்பது ரூபாய் சைடு டிஷ் எதுவும் அந்த வேலையைச் செய்வதில்லை. விருந்துக்கு வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவார்கள்.

பசி அதிகம் என்பதால் சைடு டிஷ் சேர்க்கிறோம் என்றால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 7 அங்குல பீட்சாவுக்கும் 10 அங்குல பீட்சாவுக்கும் வித்தியாசம் மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஒன்று 49, மற்றது 100. அதாவது இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல். சின்ன பீட்சாவும் கார்லிக் பிரெட்டும் சேர்ந்த விலையையும், ஒரு மீடியம் பீட்சாவின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் மீடியம்தான் லாபம்.

கடையில் எண்ணெய்ச் சட்டி இருக்கிறதா?

இதை யாரும் யோசிப்பதில்லை. பல பீட்சா கடைகளின் சமையலறையில் ஓவன் மட்டுமே உண்டு. எண்ணெயில் பொரிக்கும் வசதி கிடையாது. அங்கே வரும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், தொழிற்சாலையில் பாதி பொரித்து உறைய வைத்து வந்ததை ஓவனில் சூடாக்கியது. விங்ஸும் அப்படியே, அது சுட்ட கோழி, பொரித்த கோழி அல்ல. 1964-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில் ஆங்கர் பாரில் பிறந்ததாகச் சொல்லப்படும் விங்ஸ் எண்ணெயில் பொரித்து, கார சாஸில் புரட்டி, செலரித் தண்டோடும் ப்ளூ சீஸ் டிப்போடும் வருவது. அந்த மொறுமொறுப்பை மனதில் வைத்துக்கொண்டு ஓவன் விங்ஸை ஆர்டர் செய்தால் ஏமாற்றம்தான். மசாலா ஊறிச் சுட்ட கோழியாக நினைத்து வாங்கினால் நன்றாகவே இருக்கும். பொரித்ததுதான் வேண்டும் என்றால் பொரிக்கும் கடைக்குப் போகலாமே.

டெலிவரி என்றால் இது இன்னும் முக்கியம். மூடிய அட்டைப் பெட்டிக்குள் ஆவி வெளியே போக வழியில்லாமல் திரும்பப் பண்டத்தின் மேலேயே படிகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஃப்ரைஸ் துவண்டுவிடும். கார்லிக் பிரெட் ஓரளவு தாங்கும், ஆனால் உள்ளே இருக்கும் சீஸ் ஆறினால் ரப்பர்போல் ஆகிவிடும். பாஸ்தா வழியிலேயே சாஸைக் குடித்து இறுகும். பயணத்தை நன்றாகத் தாங்குவது விங்ஸும், அதிக சாஸ் இல்லாத சிக்கன் துண்டுகளும்தான். ஃப்ரைஸைக் கடையில் உட்கார்ந்து சாப்பிடும் நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணிக்கையும் ஒரு விஷயம். ஒரு பெட்டியில் எத்தனை துண்டு வரும் என்று பார்க்காமல் வாங்கி, ஐந்து பேருக்கு நடுவே நான்கு விங்ஸை வைத்துக்கொண்டு "நீ எடு", "இல்ல நீ எடு" என்று நாடகம் போடும் மேசைகளை எல்லாக் கடையிலும் பார்க்கலாம். மெனுவில் துண்டுக் கணக்கு இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள். டிப் தனி விலையா, சேர்ந்தே வருமா என்பதையும் கூடவே கேளுங்கள். ஒரு சின்னக் கப் சீஸ் டிப்புக்குக் கொடுக்கும் காசு, அளவைப் பார்த்தால், பீட்சாவையே மலிவாக்கிவிடும்.

ஆஃபர் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நூறு ரூபாய் தள்ளுபடி கிடைக்க பில் இன்னும் எண்பது ரூபாய் எட்ட வேண்டும் என்று நூற்றிருபது ரூபாய் பண்டம் ஒன்றைச் சேர்த்தால், மொத்தத்தில் இருபது ரூபாய் கூடத்தான் கொடுக்கிறோம். அந்தப் பண்டம் நிஜமாகவே வேண்டும் என்றால் லாபம். இல்லையென்றால் இல்லை. காம்போவும் அப்படியே: உள்ளே இருக்கும் நாலில் எந்த இரண்டை நீங்கள் எப்படியும் வாங்கியிருப்பீர்கள் என்று பார்த்து, அந்த இரண்டின் விலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இனிப்பு: எப்போது, எது, யாருக்கு

லாவா கேக்கை பீட்சாவோடு சேர்த்தே கொண்டுவரச் சொல்வதுதான் இங்கே பெரிய தவறு. அந்த கேக்கின் உயிரே நடுவில் இருக்கும் சூடான, இளகிய சாக்லேட். கடைசித் துண்டு பீட்சா முடிந்து, கை துடைத்து, அதற்கு வரும்போது அது குழம்பாக இல்லாமல் களியாக இறுகியிருக்கும். கடையில் சாப்பிடுகிறீர்கள் என்றால், பீட்சா பாதி முடிந்ததும் தனியாக ஆர்டர் சொல்லுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: அந்த நேரத்தில் பாதிப் பேர் "வயிறு ஃபுல், எனக்கு வேண்டாம்" என்பார்கள். ஐந்துக்குப் பதில் இரண்டு போதும். வீட்டுக்கு வந்தது என்றால் காகிதக் கப்போடு மைக்ரோவேவில் 15, 20 நொடி வைத்தால் மறுபடி இளகும். அலுமினியக் கப்பாக இருந்தால் கேக்கை வெளியே எடுத்துவிட்டு வையுங்கள்.

கோக் குடித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு இனிப்புக்குப் போவதும் சரிப்படாது. சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் தனியாக முடித்தால் 50 கிராம் தாண்டும். ஒரு பெரியவர் நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்சவரம்பும் ஏறக்குறைய அதுதான். உடம்புக் கணக்கை விடுங்கள், நாக்குக் கணக்கிலேயே இது நஷ்டம். அவ்வளவு இனிப்பில் ஊறிய நாக்குக்கு நல்ல சாக்லேட்டும் சப்பென்றுதான் இருக்கும். இனிப்பு உறுதி என்றால் குடிக்கத் தண்ணீரோ சோடாவோ போதும். இனிப்பு வேண்டாம் என்றால் கோக் குடியுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்.

சைவக்காரர்கள் பெயரைப் பார்த்து ஏமாறும் இடமும் இதுதான். செயின் கடைகளில் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை. டோமினோஸின் சோகோ லாவா கேக்குக்கு இந்தியாவில் பச்சைப் புள்ளிதான். ஆனால் சென்னையிலோ புதுச்சேரி, ஆரோவில் பக்கத்திலோ இருக்கும் இத்தாலியக் கடைகளில், இத்தாலிய முறைப்படி செய்தால் டிராமிசு என்ற இனிப்பில் பச்சை முட்டையும் காபியும் இருக்கும், பல நேரம் கொஞ்சம் மதுவும் சேரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாங்கும் முன் கேட்டே ஆக வேண்டும். பன்னா கோட்டா என்ற பால் இனிப்பு பார்க்கப் பால் கோவா தம்பிபோல் அப்பாவியாக இருக்கும். அதை உறைய வைப்பது ஜெலட்டின், அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. கடற்பாசி அகர் அகர் போட்டுச் செய்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால் கவலையில்லை. சாலட்தானே என்று சீசர் சாலட் கேட்டால் அதன் டிரெஸ்ஸிங்கில் முட்டையும் நெத்திலி வகை மீனும் இருக்கலாம். நேப்பிள்ஸின் பாபா கேக் ரம்மில் ஊறியது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்கிரீம் வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். இந்திய உணவு விதிப்படி ஐஸ்கிரீம் என்றால் பால் கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்தது ஃப்ரோசன் டெசர்ட் என்றே எழுதப்பட வேண்டும். விலை ஒன்றாக இருந்தால் எதை வாங்குவது என்று சொல்ல வேண்டியதில்லை. டெலிவரியில் இரண்டையுமே தவிர்க்கலாம், சூடான பீட்சாவோடு ஒரே பையில் அது வரும் கோலம் பார்க்கச் சகிக்காது. தெருமுனைக் கடையில் குல்ஃபி கிடைக்கும்போது எதற்கு அந்த வம்பு.

பத்து அல்லது அதற்கு மேல் கிளை உள்ள கடைகள் மெனுவிலேயே கலோரிக் கணக்கு போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். பீட்சாவின் எண்ணைவிட, துணைக்கு வாங்கும் பண்டத்தின் எண்தான் பெரும்பாலும் ஆச்சரியப்படுத்தும்.

மிஞ்சினால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வாங்குவது நல்லது. பீட்சா மறுநாளும் ஓடும்: தோசைக்கல்லில் மிதமான தீயில் வைத்து, ஒரு மூடி போட்டு மூன்று நான்கு நிமிடம் விட்டால் அடி மொறுமொறுவென்றும் மேலே சீஸ் இளகியும் வரும். கார்லிக் பிரெட்டும் கல்லில்தான் பிழைக்கும், மைக்ரோவேவில் வைத்தால் தோல்போல் இழுக்கும். ஃப்ரைஸுக்கு மறுபிறவி கிடையாது. கோழியானாலும் பீட்சாவானாலும் மேசையில் போட்டுவிட்டுப் படம் பார்க்க உட்காராதீர்கள். அறைச்சூட்டில் இரண்டு மணி நேரம்தான் கெடு, சென்னை மே மாதம்போல் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். அதற்குள் ஃப்ரிட்ஜுக்குள் போயாக வேண்டும்.